கை கழுவும் மேசையில் ஒரு மொழி: கைக்குழந்தைகளுக்கான ஸ்பானிஷ் இம்மர்ஷன் மாண்டிசோரி என்றால் என்ன?

அமெரிக்காவில் கைக்குழந்தையோடு டேகேர் தேடிப் புறப்படும் எவர் கண்ணிலும் இன்றைக்கு இந்தப் பலகை பட்டுவிடும்: 'ஸ்பானிஷ் இம்மர்ஷன் மாண்டிசோரி'. நடக்கத் தொடங்காத குழந்தைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் ஊர்ப் பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "சூப்பர், மூணு வயசுல மூணு மொழி பேசும்" என்று ஒரு பதில் வரும். "வேண்டாங்க, குழந்தை குழம்பிடும், பேச்சு லேட்டாகும்" என்று உடனே இன்னொன்று வரும். இரண்டு பேருமே அந்த வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வதில்லை.

ஏன் ஸ்பானிஷ் என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் பேசும் மொழி அது. அதைத் தாய்மொழியாகக் கொண்ட, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் ஊருக்கு ஊர் கிடைப்பார்கள். பிரெஞ்சுக்கோ, சீனர்களின் மாண்டரினுக்கோ அவ்வளவு சுலபத்தில் ஆள் கிடைக்காது.

## 'இம்மர்ஷன்' என்றால் பாட்டு வகுப்பு இல்லை

மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறக்கும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பாட்டி சோறு ஊட்டுவது சௌராஷ்டிரத்தில், அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடுவது தமிழில். அந்தக் குழந்தையை உட்காரவைத்து "இது சௌராஷ்டிரச் சொல், இது தமிழ்ச் சொல்" என்று யாரும் சொல்லித் தருவதில்லை. சோறும் விளையாட்டும் வேண்டுமென்றால் அந்தந்த மொழி வழியாகத்தான் போயாக வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயதில் இரண்டையும் சரளமாகப் பேசும்.

இதையே திட்டமிட்டுச் செய்வதுதான் இம்மர்ஷன்: ஒரு மொழியைப் பாடமாக நடத்தாமல், மற்ற எல்லாவற்றையும் அந்த மொழியில் நடத்துவது. பள்ளிகளில் இது பெரிய அளவில் கவனம் பெற்றது 1965-இல், கனடாவின் மாண்ட்ரியல் அருகே உள்ள செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில். ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளின் மழலையர் வகுப்பை முழுக்க பிரெஞ்சில் நடத்தச் சொல்லிப் போராடித் தொடங்க வைத்தார்கள். அதைப் பார்த்து 1971-இல் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஸ்பானிஷ் இம்மர்ஷன் தொடங்கியது. அங்கெல்லாம் உட்கார்ந்திருந்தவர்கள் ஐந்து வயதுப் பிள்ளைகள். கைக்குழந்தை அறைக்கு இந்த யோசனை வந்தது அப்புறம்தான்.

ஆகவே வாரத்துக்கு இரண்டு நாள் யாரோ வந்து அரை மணி நேரம் ஸ்பானிஷ் பாட்டுப் பாடிவிட்டுப் போனால் அது இம்மர்ஷன் ஆகாது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், உடனே அதன் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு என்று பேசுவதும் ஆகாது. புரிகிற மொழி பக்கத்திலேயே இருக்கும்போது புரியாததைக் கேட்க எந்தக் குழந்தைக்குத் தலையெழுத்து?

## 'மாண்டிசோரி' என்றால் மரப்பொம்மை இல்லை

இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெரியவர் பாடம் நடத்துவதற்குப் பதிலாக, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், அதன் கைக்கு அடங்கும் அளவில் உண்மையான பொருள்களை வைத்துவிட்டு, அது தானாக எடுத்துத் திரும்பத் திரும்பச் செய்வதைக் கவனிப்பது அவர் முறை. அப்படி யோசித்து அடுக்கிவைத்த இடத்துக்கு 'தயார்செய்த சூழல்' என்று பெயர். பொம்மை மரமா பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் பின்னால் வரும் விஷயம்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கென்று ஆள்களைத் தயார்செய்யும் பயிற்சி ரோமில் 1947-இல்தான் தொடங்கியது. இன்றைய மாண்டிசோரி நிலையங்களில் இரண்டு மாதம் முதல் பதினான்கு மாதம் வரையான குழந்தைகளின் அறையை 'நிடோ' என்பார்கள். இத்தாலிய மொழியில் பறவைக் கூடு. அதற்கடுத்து மூன்று வயது வரை தளர்நடைக் குழந்தைகளின் அறை.

மாண்டிசோரி முறைப்படி நிடோவில் தொட்டில் இருக்காது. தரையோடு தரையாக மெத்தை. விழித்ததும் குழந்தை தானே உருண்டு இறங்கலாம். சுவரோரம் தரையை ஒட்டி நீளக் கண்ணாடி, பிடித்து எழுந்து நிற்க ஒரு கம்பி. சின்னக் குழந்தைகளுக்கு மேலே கறுப்பு வெள்ளை வடிவங்கள் தொங்கும். உட்காரத் தெரிந்துவிட்டால் குட்டி மேசை, குட்டி நாற்காலி, தண்ணீர் குடிக்க நிஜமான சின்னக் கண்ணாடித் தம்ளர். உடையாதா என்றால், உடையும். கண்ணாடி கீழே விழுந்தால் உடையும் என்பதையும் குழந்தை தெரிந்துகொள்ளட்டும் என்பதுதான் கணக்கு.

பிறந்ததிலிருந்து ஆறு வயது வரை குழந்தை முயற்சி எடுத்துக் கற்பதில்லை, சுற்றியிருப்பதை அப்படியே தனக்குள் இழுத்துக்கொள்கிறது என்றார் மாண்டிசோரி. இதற்கு அவர் வைத்த பெயர் 'உள்வாங்கும் மனம்'. இந்தக் கருத்துக்கு நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்குப் பயிற்சி நடத்த வந்தவர், போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கும்படி ஆனது. நடுவில் கொடைக்கானலிலும் இருந்தார். உள்வாங்கும் மனம் பற்றிய அவர் நூல் 1949-இல் முதலில் வெளிவந்தது அடையாறிலிருந்துதான். அவர் இத்தாலிய மொழியில் பேசப் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போவார். குழந்தைகள் மொழியை எப்படி அநாயாசமாக எடுத்துக்கொள்கின்றன என்று பேசியவருக்கே மேடையில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. பெரியவர்களின் பாடு அப்படி.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். 'மாண்டிசோரி' என்ற பெயருக்கு அமெரிக்காவில் உரிமையாளர் கிடையாது. யாரும் சொந்தம் கொண்டாட முடியாத பொதுப்பெயர் என்று 1967-லேயே வணிகக்குறித் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம்.

இதுவரை பார்த்தது: இம்மர்ஷன் என்பது மொழியைப் பாடமாக்காமல் வாழும் மொழியாக்குவது. மாண்டிசோரி என்பது குழந்தையின் அளவுக்கு அமைத்த இடத்தில் உண்மையான வேலையைத் தானே செய்யவிடுவது. இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் குழந்தையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் மிச்சக் கேள்வி.

## காது எப்போது முடிவெடுக்கிறது

'த'வும் 'ட'வும் வேறு வேறு ஒலி என்பதில் நமக்குச் சந்தேகமே வராது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த அமெரிக்கரிடம் 'பத்து', 'பட்டு' இரண்டையும் சொல்லிப் பாருங்கள், தடுமாறுவார். ஆனால் அவரும் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது வித்தியாசம் கேட்டிருக்கும். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற கனடிய ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. இந்தியில் உள்ள இதே த, ட ஒலிகளை ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆறிலிருந்து எட்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டும் வேறாகக் கேட்டது. பத்திலிருந்து பன்னிரண்டு மாதத்தில் மிகச் சிலருக்குத்தான் கேட்டது.

காது மந்தமாகிவிடுவதில்லை. தன்னைச் சுற்றிப் புழங்கும் ஒலிகளில் எவை முக்கியம் என்று குழந்தை கணக்கெடுத்து, மற்றவற்றைப் பொருட்படுத்தாமல் விடத் தொடங்குகிறது. ஒரு திறன் எளிதாகப் படியும் இப்படிப்பட்ட பருவத்தைக் 'கூருணர்வுக் காலம்' என்பார்கள். மாண்டிசோரி அதிகம் புழங்கிய சொல் இது. கதவு படீரென்று ஒரே நாளில் மூடிக்கொள்வதாக நினைத்துப் பதற வேண்டாம்; ஐந்து வயதில், பத்து வயதில் மொழி கற்று நன்றாகப் பேசுவோர் நிறையப் பேர். ஒலிகளைப் பிரித்துக் கேட்பதில் மட்டும் முதல் வருடத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

சரி, அப்படியென்றால் ஸ்பானிஷ் வீடியோவை ஓடவிட்டால் போதாதா? போதாது. சியாட்டிலில் பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு மாண்டரின் பேசும் ஆட்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் காட்டி விளையாடினார்கள். மொத்தம் 12 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 25 நிமிடம். அந்தக் குழந்தைகளுக்கு மாண்டரின் ஒலி வேறுபாடு பிடிபட்டுவிட்டது. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் தொலைக்காட்சித் திரை வழியாக என்று இன்னொரு குழுவுக்குக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. தன்னைப் பார்த்து, தான் பார்ப்பதைப் பார்த்து, தன்னிடம் பேசும் ஒரு ஆள் வேண்டும். முழு விஷயத்தின் அச்சாணி இதுதான் என்பேன்.

## கை கழுவும் மேசை

தளர்நடைக் குழந்தைகளின் அறையில் கை கழுவுவது ஒரு தனி வேலை. இடுப்பளவு மேசையில் ஒரு பேசின், சின்ன ஜாடி, குழந்தையின் கைக்கு அடங்கும்படி வெட்டிய சோப்புத் துண்டு, மடித்த துண்டு. ஒன்றரை வயதுக் குழந்தை ஜாடியை இரண்டு கையாலும் தூக்குகிறது. பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் ஆசிரியை "ஆகுவா" என்கிறார். தண்ணீர் விழுகிறது. "மாஸ் ஆகுவா?" இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறது. "எல் ஹபோன்." சோப்பை எடுக்கிறது. வலக்கையை நனைக்கும்போது "ஊனா மானோ", இடக்கைக்கு வரும்போது "லா ஓத்ரா மானோ", இரண்டையும் சேர்த்துத் தேய்க்கும்போது "லாஸ் தோஸ் மானோஸ்". பாதித் தண்ணீர் தரையில். அதைத் துடைக்கவும் ஒரு துணி இருக்கிறது, அதற்கும் ஒரு சொல் இருக்கிறது.

இங்கே என்ன கற்கப்பட்டது? புதிய மொழி காதில் விழும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளி கேட்காது. எல்லாம் ஒரே நீரோட்டமாக வரும். அதில் 'மா'வுக்குப் பின்னால் 'னோ' ஒவ்வொரு முறையும் வருகிறது. ஆனால் 'மா'வுக்கு முன்னால் வருவது ஊனா, ஓத்ரா, தோஸ் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. எப்போதும் சேர்ந்தே வருகிற அசைகள் ஒரு சொல்லாகத்தான் இருக்கும் என்று குழந்தையின் மூளை பிரித்துக்கொள்கிறது. இதற்குப் 'புள்ளியியல் கற்றல்' என்று பெயர். 1996-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எட்டு மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமற்ற அசைகளை இடைவெளி விடாமல் இரண்டே நிமிடம் கேட்கவிட்டு இந்தத் திறனைக் காட்டினார்கள். வெட்டியெடுத்த 'மானோ' என்ற கட்டி, சோப்பு நுரையோடு கண்ணெதிரே இருக்கும் கையோடு ஒட்டிக்கொள்கிறது. அதே மேசை, அதே வரிசை, அதே சொற்கள், நாளுக்கு நான்கைந்து முறை.

மாண்டிசோரியும் இம்மர்ஷனும் பொருந்தும் இடம் இதுதான். மாண்டிசோரி அறையில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய விடுவார்கள், நிஜப் பொருளைக் கையில் கொடுப்பார்கள். மொழிக்கு வேண்டியதும் அதுவே. இன்னொரு பொருத்தமும் உண்டு. பொருள்களின் பெயரை மாண்டிசோரி முறையில் மூன்று படியாகத் தருவார்கள்: "இது ஆப்பிள்" என்று சொல்வது, "ஆப்பிளைக் கொடு" என்று கேட்பது, "இது என்ன?" என்று வினவுவது. மூன்றாம் படிக்கு அவசரப்பட மாட்டார்கள். புது மொழியில் குழந்தை மாதக்கணக்கில் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருக்கும் காலம் ஒன்று வரும். "எங்கே, ஸ்பானிஷ்ல ஒண்ணு சொல்லு" என்று விருந்தாளி முன்னால் நிறுத்தாமல் இருந்தால் அதுவாகக் கடந்துபோகும்.

## உரசும் இடம்

விளம்பரத் தாள்களில் இது இருக்காது. மாண்டிசோரி ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரப்படும் பழக்கம், குறைவாகப் பேசு என்பது. ஒரு வேலையைச் செய்து காட்டும்போது கை மெதுவாக நகர வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். குழந்தையின் கவனம் கையில் இருக்கட்டும் என்பது நியாயமான காரணம். குழந்தை மும்முரமாக இருக்கும்போது குறுக்கே பேசவும் கூடாது. ஆனால் மொழி வளரப் பேச்சு ஏராளமாகக் காதில் விழ வேண்டும்.

ஐந்து வயது வகுப்பில் இந்தச் சிக்கல் அவ்வளவாகத் தெரியாது, பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள். மதுரைத் தெருவிலும் தமிழைக் கொண்டுவந்து கொடுப்பது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்தான். நிடோவில் அந்த வசதி இல்லை. பக்கத்தில் இருக்கும் எட்டு மாதக் குழந்தையிடமிருந்து யாரும் ஸ்பானிஷ் கற்க முடியாது. அறையில் மொழிக்கு ஒரே ஊற்று அந்த ஒன்றிரண்டு பெரியவர்கள். அவர்கள் அமைதியே உருவாக இருந்தால், அறை அழகாக இருக்கும், ஸ்பானிஷ் இருக்காது.

நல்ல நிலையங்கள் இதைத் தெரிந்து சமாளிக்கின்றன. செய்து காட்டும் நிமிடத்தில் மௌனம். டயப்பர் மாற்றும்போது, சாப்பாடு கொடுக்கும்போது, சட்டை மாட்டும்போது, தோட்டத்தில் நடக்கும்போது ஓயாத பேச்சு. "இப்போ காலைத் தூக்கறேன், ஈரமா இருக்கு, இதோ புதுசு" என்று நம் வீட்டில் குழந்தையிடம் பேசுவோமே, அதே பேச்சு ஸ்பானிஷில். அதனால் பார்க்கப் போகும்போது சுவரில் ஒட்டிய ஸ்பானிஷ் எழுத்துகளைப் பார்க்காதீர்கள், டயப்பர் மேசைக்குக் காது கொடுங்கள். குழந்தை விழுந்து அழும்போது ஆசிரியை எந்த மொழியில் சமாதானம் செய்கிறார் என்றும் கேளுங்கள். அவசரம் என்றதும் ஆங்கிலத்துக்குத் தாவினால், முக்கியமான விஷயங்களுக்கு வேறு மொழி என்று குழந்தை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். ஆசிரியைகள் தங்களுக்குள் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதும் குழந்தைக் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆள் அடிக்கடி மாறும் இடமாக இருந்தால் இதெல்லாம் முதலிலிருந்து.

சுருக்கமாக: மொழியைக் கொண்டுவருவது அறையோ பொருளோ அல்ல, குழந்தையோடு இருக்கும் ஆள். அவர் எவ்வளவு பேசுகிறார், எப்போதெல்லாம் பேசுகிறார் என்பதுதான் கணக்கு.

## குழம்புமா, தாமதமாகுமா

குழம்பாது. ஒரே வாக்கியத்தில் "அம்மா, மாஸ் பால்" என்று இரண்டு மொழியும் வரும். கையில் இருக்கும் சொற்களை வைத்துக் காரியம் பார்க்கிறது குழந்தை. நாமும் "பஸ் மிஸ் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் குழம்பிப்போய் நிற்பதில்லை.

தாமதம் என்ற பயத்துக்குக் காரணம் எண்ணும் முறை. ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் இருமொழிக் குழந்தைக்குச் சொற்கள் குறைவாகத்தான் தெரியும். மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தைகளை ஆராய்ந்து 1993-இல் வெளியான ஆய்வில், இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணியபோது ஒருமொழிக் குழந்தைகளுக்கு ஈடாகவே இருந்தார்கள். வீட்டில் தமிழ் என்றால் மூன்றையும் சேர்த்து எண்ணுங்கள்.

ஒன்று மட்டும். பன்னிரண்டு மாதத்திலும் மழலை ஒலி எதுவும் இல்லை, பதினாறு மாதத்தில் எந்த மொழியிலும் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் இரு சொல் சேர்க்கவில்லை என்றால், ஸ்பானிஷ் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டி, முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள்.

## மணிக் கணக்கு

ஒன்றரை வயதுக் குழந்தை நாளுக்கு 12 மணி நேரம் தூங்குகிறது என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு விழித்திருப்பது 84 மணி நேரம். எட்டு மணி நேர டேகேரில் இரண்டு மணி நேரம் மதியத் தூக்கம் போனால் மிச்சம் ஆறு. ஐந்து நாளுக்கு 30. விழித்திருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நல்ல பங்குதான். அதுவே தினம் மூன்று மணி நேர அரைநாள் என்றால் வாரத்துக்கு 15, ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

குறைந்த நேரம் வீண் என்று அர்த்தமில்லை. மாட்ரிட் நகரின் அரசுக் குழந்தை நிலையங்களில் ஏழு மாதம் முதல் முப்பத்து மூன்று மாதம் வரையான 280 குழந்தைகளை வைத்து, கூல் இருக்கும் அதே சியாட்டில் குழுவினர் 2017-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே திசை தலைகீழ். ஸ்பானிஷ் குழந்தைகளுக்கு ஆங்கிலம். தினம் ஒரு மணி நேரம், நேரில் விளையாட்டும் பேச்சுமாக, 18 வாரம். வழக்கமான நிலைய ஆங்கிலம் கேட்ட குழந்தைகளைவிட இவர்கள் பல மடங்கு ஆங்கிலச் சொற்களைப் பேசினார்கள். பேசியவை சொற்களும் சின்னத் தொடர்களும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், "மூணு வயசுல சரளம்" என்ற விளம்பரத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

## மூன்று வயதுக்கு அப்புறம்

கைக்குழந்தை அறையில் வந்த மொழி, விட்டால் போய்விடும். ஸ்பானிஷ் அறையிலிருந்து மூன்று வயதில் ஆங்கில வகுப்புக்கு மாறிய குழந்தை, வீட்டிலும் அந்த மொழி இல்லையென்றால், விரைவிலேயே பேசுவதை நிறுத்திவிடும். புரிதல் இன்னும் கொஞ்ச நாள் தங்கும். அதனால் சேர்க்கும் முன்பே கேட்க வேண்டியது, மூன்றிலிருந்து ஆறு வயது வகுப்பும் அதே நிலையத்தில் ஸ்பானிஷில் உண்டா என்பது. உங்கள் பகுதி அரசுப் பள்ளியில் இருமொழி வகுப்பு இருந்தால் ஐந்து வயதில் அங்கே சேர்த்துத் தொடரலாம். பல ஊர்களில் அதற்குக் குலுக்கல் வைப்பார்கள், விண்ணப்பத் தேதி முந்தைய பள்ளி ஆண்டின் நடுவிலேயே முடிந்துவிடும்.

தமிழ் வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆங்கிலம் கவலைப்படாமலே வந்துவிடும். ஊர் முழுக்க அதுதான். ஸ்பானிஷுக்கு வாரம் முப்பது மணி நேரம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தாயிற்று. தமிழுக்கு இருப்பது காலையில் கிளம்பும் அரை மணி, மாலைக் குளியல், இரவுச் சாப்பாடு, சனி ஞாயிறு. அந்த நேரத்தில் "டேகேர்ல என்ன கத்துக்கிட்ட, ஸ்பானிஷ்ல சொல்லு" என்று கேட்கத் தேவையில்லை. தண்ணீரை மேலே ஊற்றும்போது தண்ணீர் என்று சொன்னால் போதும், அந்தக் குழந்தை ஏற்கெனவே அந்த வேலைக்குப் பழகியிருக்கிறது.